திணிக்கிறதுலயும் ஒரு நியாயம் வேணும், மாப்ளே

மாப்ளே, நீ வாங்கின ரெட்டைக்குழல் துப்பாக்கியோட விலையை உங்கம்மாகிட்ட பாதியாச் சொல்லி, பொண்டாட்டிகிட்ட கால்வாசியாச் சொல்லி, எங்கிட்ட மட்டும் முழுசாச் சொன்ன பாரு, அந்த நம்பிக்கையை நினைச்சா எனக்குக் கண்ணு கலங்குது. ரகசியம் பத்திரமா இருக்கு. உங்க அத்தைகிட்ட மட்டும்தான் சொன்னேன். அதனால போடியில இன்னும் பாதி ஊருக்குத் தெரியாது.

விலை போகட்டும். "தோட்டாவுக்குள்ள திணிக்க இலவம்பஞ்சு ஒரு கிலோ அனுப்புங்க மாமா"ன்னு கேட்டிருக்க. ஒரு கிலோவா? ஒரு தோட்டாவுக்கு ஒரு சிட்டிகை போதும்டா. ஒரு கிலோ பஞ்சு தீர்ற வரைக்கும் நீ சுடணும்னா உன் ஆஸ்திரேலியாவுல, ஆர்னம் லேண்டுல இருக்கிற எருமை பத்தாது. 1820கள்ல இருந்து வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டாந்து இறக்கின எருமை, மெல்வில் தீவுலயும் கோபர்க் முனையிலயும் தொடங்கி அந்த வடக்குச் சீமை பூரா பெருகிப்போச்சுன்னு நீதான் சொன்ன. ஏன் பெருகாது? சுட வேண்டியவன் எல்லாம் வீட்டுல உட்கார்ந்து எந்தப் பஞ்சு நல்லதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா பெருகத்தான் செய்யும்.

ஜிம் கார்பெட் 1907ல சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைத் தேடிப் போனப்ப கையில .500 துப்பாக்கி, மட்டுப்படுத்தின கார்டைட் போட்ட தோட்டா மூணு. மூணே மூணு. அதையும் சுட்டுத் தீர்த்துட்டுத் தாசில்தாரோட ஓட்டைத் துப்பாக்கியை வாங்கித்தான் வேலையை முடிச்சார். அவர் யார்கிட்டயும் பஞ்சு கேட்டதாத் தெரியலை.

சரி, கேட்டுட்ட. பெரியவன்னு மதிச்சுக் கேட்ட. எனக்கு என்ன தெரியும், நான் துப்பாக்கி பிடிச்சவனா? பஞ்சு அடிச்சு மெத்தை தைச்சு வித்தவன். ஆனா போன தடவை வந்தப்ப நீ விட்டுட்டுப் போன கிரேம் ரைட் எழுதின புத்தகத்தை, அதான் இங்கிலாந்து ரெட்டைக்குழல் ரைஃபிளைப் பத்தின தடிப் புத்தகம், என் பேத்தி வாசிச்சுத் தமிழ்ல சொன்னா. முதல் நாலு பக்கத்துல உன் காப்பிக் கறை இருந்துச்சு. மிச்சப் பக்கம் எல்லாம் பைண்டிங் கடையில இருந்து வந்த மாதிரியே புத்தம்புதுசு. உன் படிப்பு எப்பவும் அப்படித்தானே.

முதல்ல ஒண்ணு கேட்கிறேன். எதைத் திணிக்கிறதுன்னு நீ கேட்டுட்ட. எதுக்குத் திணிக்கிறதுன்னு கேட்டியா? உன் துப்பாக்கி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், மூணேகால் அங்குலத் தோட்டாக் கூடு. ரிக்பி கம்பெனிக்காரன் 1898ல இறக்கினது. அந்த நீளக் கூட்டை அவன் புதுசா யோசிச்சுப் பண்ணலை. கரிமருந்து காலத்துக் கூட்டையே எடுத்து வச்சுக்கிட்டான். கரிமருந்துக்கு இடம் நிறைய வேணும், கூடு நிறையக் கொட்டி அமுக்கணும். அப்புறம் கார்டைட் வந்துச்சு. 1889ல ஏபெல், டூவர்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கொஞ்சம் வேஸலினும் சேர்த்துப் பிசைஞ்சு கம்பியா இழுத்த மருந்து. அதுல கொஞ்சத்துலயே வேகம் வந்துரும். உன் .450க்கு 70 கிரெயின்தான், அதாவது நாலரை கிராம். அந்த நாலரை கிராம்தான் 480 கிரெயின் குண்டை நொடிக்கு 2,150 அடி வேகத்துல தள்ளுச்சு. மருந்து சுருங்கிருச்சு, கூடு சுருங்கலை. உள்ள இடம் மிச்சம்.

அன்னைக்கு அது பெரிய சங்கடமா இல்லை. கார்டைட் கம்பி கூட்டோட நீளத்துக்குக் கட்டாப் படுத்துக் கிடக்கும். துப்பாக்கியை மேல தூக்கினாலும் கீழ சாய்ச்சாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். 1960கள் முடியற நேரத்துல பர்மிங்காம் கைனாக் கம்பெனிக்காரன் இந்தப் பெரிய தோட்டா எல்லாம் போதும்னு கையைக் கழுவினான். அதுக்கப்புறம்தான் உன்னைப் போல ஆளுங்க மேசையைப் போட்டு, தராசை வச்சு, தானே தோட்டா கெட்டிக்க ஆரம்பிச்சாங்க. கார்டைட் கம்பி கிடைக்கலை. கிடைச்சது அமெரிக்காக்காரனோட குழாய்த்துண்டு மருந்து. அது பொடிப்பொடியா உருளும். கூட்டுக்குள்ள இடம் இருந்தா இங்கயும் அங்கயும் ஓடும்.

இப்ப யோசி. நீ சுடற களத்துல துப்பாக்கியை நிமிர்த்தி வச்சு, அப்புறம் மெல்ல இறக்கிக் குறி பார்க்கிற. மருந்து எல்லாம் பின்னால, தோட்டா அடியில நெருப்பு வைக்கிற கேப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. கேப்பு வெடிச்சதும் நல்லாப் பத்துது. ரெண்டு ஓட்டை பக்கத்துல பக்கத்துல விழுந்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்புற. நல்லது. புதருக்குள்ள போறப்ப குழல் தரையைப் பார்த்துத் தொங்குது. எருமை எதிர்ல வந்து நிக்குது. சட்டுனு தூக்கிச் சுடற. மருந்து எல்லாம் முன்னால, குண்டோட அடியில போய் ஒட்டிக்கிட்டு இருக்கு. கேப்பு நெருப்பு காலி இடத்தைத் தாண்டிப் போய்த் தொடணும். வேகம் வேற, அழுத்தம் வேற, சில சமயம் அரை மூச்சு தாமதம் வேற. அந்த அரை மூச்சுல எருமை என்ன செய்யும்னு நீதான் அதுகிட்டக் கேட்கணும்.

அதோட உன்னுது ரெட்டைக்குழல். வலது குழல் வெடிக்கிறப்ப இடது குழலுக்குள்ள இருக்கிற தோட்டாவும் அதே உதையை வாங்கும். முதல் குண்டுல மருந்து ஒரு பக்கம் இருந்து, ரெண்டாவது குண்டுல இன்னொரு பக்கம் போயிருந்தா, ரெண்டும் எப்படிடா ஒரே இடத்துல போகும்? கூட்டு வாயைக் குண்டு மேல இறுக்கி மடிக்கச் சொல்றாங்களே, அதுவும் இதுக்குத்தான். உதையில குண்டு நகர்ந்துடக் கூடாது. நீ மடிக்கிறியா? உன் சட்டைக் கைமடிப்பைப் பார்த்தா எனக்கு நம்பிக்கை வரலை.

ஆக, திணிப்போட வேலை ஒண்ணே ஒண்ணு. மருந்தைக் கேப்புப் பக்கமா நிறுத்திவைக்கணும், எப்படிச் சாய்ச்சாலும், எத்தனை உதை வாங்கினாலும். இடத்தை அடைக்கிறது அதுக்கு வழி, அவ்வளவுதான். இதை மறந்துட்டு எதையாவது அடைச்சாப் போதும்னு நினைக்கிறவன் செய்யற கூத்துதான் அடுத்து.

உன் சிநேகிதன் ரவை போடலாம்னு சொன்னானாமே. கேட்டதும் உங்க அத்தை அடுப்படியில இருந்து எட்டிப்பார்த்தா. உப்புமாவுக்குப் போடற அதே ரவைதான் மாப்ளே. அமெரிக்காவுல காலைக் கஞ்சிக்கு விக்கிற கோதுமை ரவையைத் தோட்டாவுல போடற வழக்கம் நெசமாவே இருக்கு. குழலுக்குள்ள தோட்டா உட்கார்ற அறை இருக்கே, புது அறைக்குக் கூட்டைப் பொருத்தணும்னு நினைக்கிறவங்க, குண்டு இல்லாம, கொஞ்சம் வேகமான மருந்து போட்டு மேல ரவையை நிரப்பிச் சுடுவாங்க. கூடு விரிஞ்சு அறையோட அளவுக்கு வந்துரும். அதுக்கு அது சரி. ஆனா குண்டுக்கு அடியில ரவையை அடைச்சா, அது கட்டியாகிப் போயிரும். அதோட எடையும் குண்டோட எடையோட சேரும். வெளிய தள்ள வேண்டிய பாரம் கூடினா அழுத்தம் கூடத்தானே செய்யும். .470, .450/400, .465 மாதிரி கழுத்து ஒடுங்கின கூட்டுல இன்னும் மோசம். அகலத்துல இருந்து குறுகின கழுத்துக்குள்ள ஒரு கட்டி ரவை நுழையணும். அது எங்க நுழையும்? அழுத்தம் எகிறும். உன்னுது நேரான கூடு, அதனால பரவாயில்லைன்னு நீ வாதாடுவ. வாதாடு. கார்ல மலைப்பாதையில குலுங்கிக் குலுங்கிப் போறப்ப அந்த ரவை மருந்துக்குள்ளயே இறங்கிக் கலந்துரும். ரவையையும் மருந்தையும் கலந்து கெட்டிக்கச் சொல்லி எந்தப் புத்தகமும் உனக்குச் சொல்லலை. உன் சிநேகிதனுக்கு உப்புமா நல்லா வரும்னா அதை மட்டும் செய்யச் சொல்லு.

கழிப்பறைக் காகிதம், சாதாப் பஞ்சு, பழைய துணி இதெல்லாம் திணிச்சவன் உண்டு. அதை எல்லாம் நான் பேச வரலை. எரிஞ்சும் எரியாம கனன்றுக்கிட்டே குழல் வாயில இருந்து விழும். நீ இருக்கிற சீமையில மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் புல் எல்லாம் காய்ஞ்சு நிக்குமாம். எருமையைச் சுடப் போனவன் காட்டைக் கொளுத்திட்டு வந்தான்னு பேர் வேண்டாம்.

இப்ப நம்ம சரக்குக்கு வருவோம். இலவம்பஞ்சைப் பத்தி என்னைவிட யார் பேசறது? அந்த இழை உள்ள வெறும் குழாய், காத்து நிறைஞ்சது. மேல மெழுகுப் பூச்சு மாதிரி ஒரு வழவழப்பு இருக்கும், தண்ணி ஒட்டாது. அதனாலதான் ஒரு காலத்துல கப்பல்காரன் மிதவைச் சட்டைக்குள்ள இதைத் திணிச்சான். நூலா நூற்க வராது, வழுக்கும். மெத்தைக்கும் தலகாணிக்கும்தான் வரும். தோட்டாவுக்கு ஏன் எடுத்தாங்கன்னா எடையே இல்லை. ஒரு சிட்டிகை விரிஞ்சு நிறைய இடத்தைப் பிடிக்கும், அமுக்கினா அமுங்கும், விட்டா நிமிரும். அந்த நிமிர்ற குணம்தான் மருந்தைப் பின்னாலயே அழுத்திப் பிடிக்கும். அது போற வழியில பாரமாவும் நிக்காது.

ஆனா மெத்தை தைக்கிறவனுக்குத் தெரிஞ்ச ஒண்ணை உனக்குச் சொல்றேன். பஞ்சைக் கம்மியாத் திணிச்ச மெத்தை, படுத்த பத்து நாள்ல ஒரு மூலையில குவிஞ்சிரும். நடுவுல கட்டில் பலகை முதுகுல குத்தும். தோட்டாவுக்குள்ளயும் அதேதான். சிட்டிகை கொஞ்சமாப் போட்டா அது மருந்து மேல ஒரு தக்கையா உட்கார்ந்துக்கும், குண்டுக்கும் அதுக்கும் நடுவுல காலி. அதுதான் மாப்ளே, இதுல உள்ள எல்லாக் கேட்டையும்விடப் பெரிய கேடு.

காது குடுத்துக் கேளு. மருந்து மேல ஒரு தக்கை இருக்கு. தக்கைக்கும் குண்டோட அடிக்கும் நடுவுல காலி இடம் இருக்கு. மருந்து பத்தினதும் தக்கை பாய்ஞ்சு போய்க் குண்டோட அடியில மோதும். அந்த மோதல் நடக்கிற இடத்துல, அறைச் சுவர் வெளிப்பக்கமா ஒரு வளையம் போட்டு உப்பும். ஒரே தடவையில உப்பலாம், பல தடவையில கொஞ்சம் கொஞ்சமா உப்பலாம். வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. சுட்ட கூடு வெளிய வர அடம் பிடிக்கிறப்பதான் தெரியும். கூட்டு மேல ஒரு கோடு மாதிரி வளையம் பதிஞ்சிருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு லண்டன்காரன் ரெண்டு குழலையும் ஒட்டி வச்ச துப்பாக்கியில ஒரு குழலை மட்டும் மாத்திக்கிடலாம்னு கனவுல கூட நினைக்காதே. உங்கம்மாகிட்டச் சொன்ன பாதி விலையும் போயிரும்.

நம்ம மலையடிவாரத்துல நாட்டுத் துப்பாக்கி வச்சிருந்த ஆளுங்க எவனும் பள்ளிக்கூடம் போனதில்லை. கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருண்டை பிடிச்சு மேல வச்சு, கெஜக்கோலால இடிச்சு இடிச்சு அடியில உட்கார வச்சுட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பான். நடுவுல காத்து இருந்தாக் குழல் வெடிச்சிரும்னு அவன் அப்பன் சொன்னது, அவ்வளவுதான் அவன் படிச்சது. வேட்டைக்கே 1972ல சட்டம் போட்டு நம்ம ஊர்ல கதவை அடைச்சாச்சு, அது வேற கதை. ஆனா அந்தப் படிக்காதவனுக்குத் தெரிஞ்சது, பி.ஈ. படிச்ச உனக்கு நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கு.

ஆகவே பஞ்சு போடறதுன்னா நிறையப் போடு, மருந்துல இருந்து குண்டு வரைக்கும் இடைவெளி இல்லாம. ஒவ்வொரு சிட்டிகையையும் தராசுல வை. ஒண்ணு ஒரு கிரெயின், இன்னொண்ணு மூணு கிரெயின்னு கை போன போக்குல பிய்ச்சுப் போடாதே. கொட்டை, சருகு, தூசி எதுவும் இருக்கக் கூடாது. அதனாலதான் போடியில இருந்து கேட்காதேன்னு சொல்றேன். நம்ம சந்தைப் பஞ்சுல கொட்டை இல்லாம இருக்கவே இருக்காது. உங்க நாட்டுச் சுங்கத்துல செடி, விதைன்னாலே விரட்டுவாங்களாம். பஞ்சோட உன் பேரையும் எழுதி வச்சுக்குவாங்க. அங்க கைவினைக் கடையில சுத்தம் பண்ணின பஞ்சு கிடைக்கும், வாங்கிக்க. வீட்டுக்கு எதிர்ல நிக்கிற மரத்துல இருந்து பறிச்சுக்கலாம்னு நினைக்காதே. அங்க முளைக்கிற கபோக் புதர்னு மஞ்சள் பூ பூக்கிறது வேற சாதி. செவ்விலவு மரம் உன் வடக்குச் சீமையில தானாவே முளைக்குமாம், அதுவும் வேற சாதிதான். எது எதுன்னு தெரியாம அதுக்கு அடியில போய் நின்னா, இலவு காத்த கிளி கதைதான்.

பஞ்சுக்கு மாற்று டாக்ரான், அதான் பாலியஸ்டர் இழை. தலகாணிக்குள்ள இப்ப எல்லாரும் போடறது. பலரும் கெட்டிக்கிறாங்க. சீரா இருக்கும், பூச்சி அரிக்காது. ஆனா அதுவும் அதே நியாயத்துக்குக் கட்டுப்பட்டதுதான்: காலி இடம் விடாதே, எடை பார். சின்ன உருண்டையாச் சுருட்டி மருந்து மேல தூக்கிப் போட்டு, மீதியைக் கடவுள் பார்த்துக்குவார்னு விடறவங்க இருக்காங்க. கடவுளுக்கு வேற வேலை இல்லையா?

என்னைக் கேட்டா நுரைத் தக்கைதான் நல்லது. பஞ்சு வியாபாரியே சொல்றேன், கவனி. லேசான நுரையை வட்டமா வெட்டி, கூட்டோட உள்வாய்க்கு இறுக்கமா, காலி இடத்தைவிடக் கொஞ்சம் நீளமா வச்சு, குண்டை உட்கார வைக்கிறப்ப அமுங்கிக்கிற மாதிரி வைக்கிறாங்க. அமுங்கின நுரை இந்தப் பக்கம் மருந்தையும் அந்தப் பக்கம் குண்டையும் தொட்டுக்கிட்டே இருக்கும். பொடி உள்ள இறங்காது, எடை ரொம்பக் கம்மி, ஒண்ணுக்கு ஒண்ணு அளவு மாறாது. கைனாக் பேரை மறுபடி எடுத்து நடத்தறவங்களே பழைய தோட்டாக்களுக்கு இந்த நுரைத் தக்கையை வித்திருக்காங்க. கஞ்சன்னா ஒரு வழி இருக்கு, உனக்குப் பிடிக்கும். கட்டட வேலையில சுவர் இடுக்குல திணிக்கிற நுரைக் கயிறு இரும்புக் கடையில சுருளாக் கிடைக்கும். விட்டம் பார்த்து வாங்கி, அளவு எடுத்து நறுக்கிக்கிறவங்களும் உண்டு. ரெண்டு குழலுக்கு ஒரு வீடு விலை குடுத்தவன் தக்கைக்கு நாலணா மிச்சம் பிடிச்சான்னு நான் ஊர்ல பெருமையாச் சொல்லிக்கிறேன்.

இதுல எதைப் போட்டாலும் ஒண்ணு மறக்காதே. திணிப்பும் தோட்டாவோட ஓர் உறுப்பு. புத்தகத்துல மருந்து இத்தனை, குண்டு இத்தனை, திணிப்பு இதுன்னு சேர்த்துத்தான் போட்டிருப்பான். திணிப்பு இல்லாத கணக்கை எடுத்து அதுல நீயா நுரையைச் சொருகினா அழுத்தம் மாறும். நுரை போட்ட கணக்குல ரவையைப் போட்டா இன்னும் மாறும். எங்கிட்ட அளவு கேட்காதே. நான் மெத்தை அளவு சொல்லுவேன், ஆறுக்கு நாலு. மருந்து அளவை அச்சடிச்ச கையேட்டுல பாரு, கீழ் அளவுல இருந்து தொடங்கு. மெதுவா எரியற மருந்தைக் குறைச்சுப் போட்டா பயம் இல்லைன்னு நினைக்காதே. பெரிய கூட்டுல மெதுவான மருந்து கொஞ்சமா இருந்து, அழுத்தம் திடீர்னு எகிறித் துப்பாக்கி உடைஞ்ச கதையும் இருக்கு. பேரை வச்சும் ஏமாறாதே. 4831னு மருந்து ரெண்டு பிராண்டுல வருது. ஹாட்ஜ்டன்காரன் ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்சதும் மிச்சம் கிடந்த 20 மில்லிமீட்டர் பீரங்கி மருந்தை வாங்கி வித்ததுல வந்த நம்பர் அது. அப்புறம் அதே நம்பர்ல ஐ.எம்.ஆர். வந்துச்சு, அது கொஞ்சம் வேகமானது. ஒண்ணோட கணக்கை இன்னொண்ணுக்குப் போடாதே. உங்க சித்தப்பா வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே தாத்தா பேர், ஒருத்தனுக்குச் சீட்டு எழுதினா இன்னொருத்தன் வந்து பணம் வாங்கிட்டுப் போயிருவான்னு உனக்குத் தெரியாதா.

குழலைக் கழட்டிக் கவுத்துப் பாரு. அடியில லண்டன் இல்லாட்டி பர்மிங்காம் பரிசோதனைக் கூடத்து முத்திரை இருக்கும். கார்டைட் எத்தனை கிரெயின், குண்டு எத்தனை கிரெயின்னு எண்ணே குத்தியிருக்கும். உன் துப்பாக்கிக்கு எது தாங்கும்னு அதைவிட நேரா யாரும் சொல்ல மாட்டாங்க. கரிமருந்து முத்திரை மட்டும் இருந்தா, இந்த முழு வேகம் எல்லாம் அதுக்கு இல்லை. அதுக்கு மட்டுப்படுத்தின கணக்கு தனியா இருக்கு. அதுல திணிப்பு இன்னும் முக்கியம், ஏன்னா மருந்து ரொம்பக் கம்மி, இடம் ரொம்பப் பெருசு.

இந்த முழுக் கூத்தும் எதுக்கு? ரெண்டு குழலும் ஒரே இடத்துல போகணும்னுதான். கட்டினவன் ரெண்டு குழலையும் வாய்ப்பக்கம் கொஞ்சம் நெருங்கற மாதிரி, நடுவுல ஆப்பு வச்சு ஒட்டியிருக்கான். சுடறப்ப வலது குழல் வலப்பக்கமும் மேலயும் உதறும், இடது குழல் இடப்பக்கமும் மேலயும் உதறும். குண்டு வெளிய வர்ற நேரத்துக்கு அந்த உதறல் எவ்வளவுன்னு பார்த்துத்தான் அவன் ஒட்டினான். அந்தக் கணக்கு 70 கிரெயின் கார்டைட்டுக்கும் 480 கிரெயின் குண்டுக்கும். உன் தோட்டா அதைவிட மெதுவாப் போனா, குண்டு குழலுக்குள்ள கூட நேரம் இருக்கும், உதறல் கூடும். வலது குண்டு வலப்பக்கமும் இடது குண்டு இடப்பக்கமும் விலகி, உயரவும் போகும். வேகம் கூடினா ரெண்டும் குறுக்க தாண்டும், தாழவும் போகும். ஆகவே காகிதத்துல ஓட்டை விலகுதா, குறுக்க போகுதான்னு பார்த்தே வேகம் கம்மியா அதிகமான்னு சொல்லிரலாம். மருந்து ஒருதடவை முன்னால, ஒருதடவை பின்னால இருந்தா வேகமே நிலையா இருக்காது. நிலையில்லாத வேகத்தை வச்சு, துப்பாக்கி சரியில்லைன்னு கட்டினவனைத் திட்டாதே. அவன் செத்து எவ்வளவோ காலம் ஆச்சு, பாவம்.

வேகமான மருந்தைக் கொஞ்சமாப் போட்டு நுரையை வச்சா உதை கொஞ்சம் குறையும்னு பலர் அந்தப் பக்கம் போறாங்க. வெளிய போற மருந்தோட எடையும் உதையில சேரும்ல, அதனால. உன் தோளைப் பத்தி எனக்குத் தெரியும், நீயும் அந்தப் பக்கமே போவ. தப்பில்லை. ஆனா கூடு நிறையற மாதிரி ஒரு மெதுவான மருந்து கிடைச்சு, ரெண்டு குழலும் அதுல ஒண்ணு சேர்ந்தா, எதையும் திணிக்காம விட்டுரு. இடமே இல்லாத இடத்துல எதுக்குத் திணிப்பு? நான் பஞ்சு வித்தவன்டா, தேவையில்லாத மெத்தைக்குப் பஞ்சு வித்ததே கிடையாது.

இப்ப உன் வேலை இது. வாசிக்காம விட்ட பக்கத்தை வாசி. முத்திரையைப் பாரு. நுரைத் தக்கை ஒரு பொட்டலம் வாங்கு. ரவையை உன் சிநேகிதன் வீட்டு அடுப்புக்கே அனுப்பு. ஒரே மருந்து, ஒரே குண்டு, ஒரே திணிப்பு வச்சுக் கெட்டிச்சு, ரெண்டு குழலையும் மாத்தி மாத்திச் சுடு. சிலதைக் குழலைத் தொங்கவிட்டுத் தூக்கிச் சுடு, சிலதை நிமிர்த்தி இறக்கிச் சுடு. எது எந்தக் குழல், எது தொங்கவிட்டுச் சுட்டதுன்னு ஓட்டைக்குப் பக்கத்துலயே எழுதி, காகிதத்தை அப்படியே எனக்கு அனுப்பு. நல்லாப் போட்ட படத்தை மட்டும் அனுப்பாதே. கெட்டதையும் சேர்த்து அனுப்பு, அதைப் பார்த்துத்தான் அடுத்த கடிதத்துல உன்னை எங்க திட்டணும்னு எனக்குத் தெரியும்.